'உரை' என்ற பெயரைத் திருப்பித் தாருங்கள்: களஞ்சிய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மூன்று மடல்களுக்கும் இதுவரை பதில் வரவில்லை. உங்களில் சிலர் தமிழ் வாசிப்பவர்கள் என்பதால், நான்காவது மடலைத் தமிழிலும், எல்லோரும் படிக்கும்படியாகவும் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்காக ஒரு வரி: மென்பொருள்களைப் பொதிகளாக வழங்கும் உங்கள் களஞ்சியத்தில், நான் பராமரித்து வந்த 'உரை' பொதியின் பெயரை வேறொரு மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். பெயர் மாற்றக் கோரிக்கையின் கீழே என் ஆட்சேபமும் உங்களது ஒற்றை வரித் தீர்ப்பும் அடுத்தடுத்து அப்படியே கிடக்கின்றன. ஆட்சேபம் தெரிவிக்க 14 நாள் அவகாசம் என்பது நீங்களே எழுதிய விதி. ஒன்பதாம் நாள் நான் பதில் எழுதினேன். பதினோராம் நாள் பெயர் கைமாறிவிட்டது.

திஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய கட்டளைவரி நிரல்தான் 'உரை'. யு, ஆர், ஏ, ஐ என்ற நான்கு எழுத்துகள் எங்களுக்கு 'உரை'. அதே நான்கு எழுத்துகளுடன் இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கோ அது 'யூ ஆர் ஏஐ' என்பதன் சுருக்கமாம். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பொதியின் கடைசிப் பதிப்பு 1.8, வந்த பொதியின் பதிப்பு 0.4. மென்பொருள்களை நிறுவி மேம்படுத்தும் எந்தப் பொதி மேலாளரும் 1.8-ஐக் கழற்றிவிட்டு 0.4-ஐத் தானாக நிறுவாது. ஆகவே பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நீங்கள் சும்மா இருந்திருந்தால்கூட, ஏற்கெனவே நிறுவியிருந்தவர்கள் தப்பித்திருப்பார்கள். ஆனால் உங்களில் ஒருவர் உட்கார்ந்து யோசித்து, பதிப்பு எண்ணுக்கு முன்னால் வரும், ஒப்பிடும்போது மற்ற இலக்கங்களையெல்லாம் மீறி முதலில் பார்க்கப்படும் ஈபாக் எண்ணை 1 என்று ஏற்றி, அந்தப் பொதியை 1:0.4 ஆக்கினார். பதிப்பு எண்ணிடுவதில் நேர்ந்த பிழைகளைக் கடந்து போகவும், எண்ணிடும் முறையே மாறும்போது சமாளிக்கவும்தான் ஈபாக் என்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கொள்கை ஆவணம் சொல்கிறது. ஒருவர் வீட்டுக் கதவில் இன்னொருவரின் பெயர்ப் பலகையை மாட்டுவதற்கு அது ஏற்பட்டதல்ல. அந்த ஒரு இலக்கத்தால், 'உரை' இருந்த கணினிகள் எல்லாம் அடுத்த மேம்படுத்தலில், யாரையும் கேட்காமல், முற்றிலும் வேறொரு மென்பொருளை ஏற்றுக்கொண்டன.

அவற்றில் ஒன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கணினி. 2001 முதல் தம் ஊர்ப்பக்கத்துத் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாடல்களைக் கேட்டுக் கேட்டு, திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர். அவருக்காக நான் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு கோப்புறையில் கோப்புகளைப் போட்டால், இரவில் ஒவ்வொன்றாக 'உரை' வழியே செலுத்தி, வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிழை ஏதும் இல்லையென்றால் பழையதன் இடத்தில் புதியதை வைக்கும். மூலக் கோப்புகளைத் தனியே காக்கும்படி எழுதாதது என் தவறு, அதை மறைக்கவில்லை. அன்று காலை அவருடைய கணினி மேம்படுத்தலை முடித்திருந்தது. மாலையில் அவர் 312 கோப்புகளையும் அந்தக் கோப்புறையில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

புதிய நிரல் தன்னிடம் கொடுத்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அணுகல் சாவி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னது. அதையும் பிழைகளுக்கான வழியில் சொல்லாமல் வெளியீட்டிலேயே எழுதி, எல்லாம் நலம் என்று பொருள்படும் 0 என்ற குறியீட்டோடு முடிந்துகொண்டது. என் ஸ்கிரிப்ட் அதை நம்பியது. 312 முறை நம்பியது. மறுநாள் காலை அவர் தொலைபேசியில் கேட்டது இதுதான்: "தம்பி, எல்லாக் கோப்பும் 38 பைட்டுன்னு காட்டுதே, இவ்வளவு சுருக்கிடுச்சா உங்க நிரல்?" பொங்கலின்போது அவர் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து 226 கோப்புகள் திரும்பக் கிடைத்தன. மீதி 86, அதன்பின் சேர்த்தவை. பாடியவர்களில் இருவர் இப்போது இல்லை என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இழப்பை முழுவதும் உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் பயன்பாட்டில் இருக்கும் ஒரு பெயரைத் தொடர்பே இல்லாத இன்னொரு மென்பொருளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எளிய விதி இருந்திருந்தால், என் தவறு தவறாகவே கிடந்திருக்கும்; யாருடைய பாடலையும் அழித்திருக்காது. இதைத்தான் முன்னும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

இது புதிய சிக்கலும் அல்ல. கிட் என்ற பெயர் டெபியனில் வெகுகாலம் குனு இன்டராக்டிவ் டூல்ஸ் என்ற பழைய கருவித் தொகுப்பிடம் இருந்தது. நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்க, 2005-இல் பிறந்து உலகமே பயன்படுத்தத் தொடங்கிய கிட், அங்கே பல ஆண்டுகள் 'கிட்-கோர்' என்ற பெயரில்தான் காத்திருந்தது. நோட் விவகாரம் இன்னும் பொருத்தம். அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்திய ஒரு சின்ன நிரலும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸும் 'நோட்' என்ற ஒரே கட்டளைப் பெயரைக் கேட்டன. பயனர் எண்ணிக்கையைப் பார்த்தால் இது போட்டியே அல்ல. ஆனாலும் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை வழக்குப் போய், 2012-இல் நோட்.ஜேஎஸ்ஸின் கட்டளை 'நோட்ஜேஎஸ்' என்றே வைக்கப்பட்டது. குறுகிய பெயர் விரும்பியவர்களுக்குத் தனியாக ஓர் இணைப்புப் பொதி கொடுத்தார்கள். 2017-இல்தான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். வெவ்வேறு வேலை செய்யும் இரு நிரல்கள் ஒரே கோப்புப் பெயரில் வரக் கூடாது, உடன்பாடு எட்டாவிட்டால் இரண்டின் பெயரையும் மாற்ற வேண்டும் என்ற விதி அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது. இன்றைக்கும் டெபியனில் 'பேட்' நிரலை 'பேட்கேட்' என்றும் 'எஃப்டி' நிரலை 'எஃப்டிஃபைண்ட்' என்றும் அழைக்கிறோம். கொஞ்சம் எரிச்சல்தான், ஒரு வரி ஏலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், போட்டால் தீர்ந்தது. யாருடைய கோப்பும் அழியவில்லை.

நீங்கள் சொன்ன காரணம், புதிய மென்பொருள்தான் இப்பெயரால் பரவலாக அறியப்படுகிறது என்பது. கூட்டத்தோடு வருபவர்களுக்கு முன்வரிசை என்பதுதான் கொள்கை என்றால், அதையாவது விதிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்களைப் போன்ற சிறு பராமரிப்பாளர்கள் முதலிலேயே இருபது எழுத்தில், யாரும் ஆசைப்படாத பெயராகத் தேர்ந்துகொள்கிறோம். இப்போதெல்லாம் வருகிற மென்பொருள் ஒவ்வொன்றும் அகராதியிலிருந்து ஒரு குட்டிச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் வருகிறது. அதற்குள் ஏற்கெனவே யாரேனும் குடியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க அரை நிமிடம்கூட அவர்களுக்கு வாய்ப்பதில்லை. பட்டாவில் பெயர் மாற்றுவதென்றால்கூட ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, சொன்ன தேதி வரை காத்திருப்பது முறை. நாம் திறந்த நிர்வாகத்தைப் பற்றி மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள்.

மன்னிக்கவும், விண்ணப்பத்துக்குத் திரும்புகிறேன். பெயரோடு நம்பிக்கையும் சேர்ந்து கைமாறுகிறது என்பதை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். 2018 ஜூலையில் ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில், பராமரிப்பாளர் இன்றிக் கிடந்த, பிடிஎஃப் படிக்க உதவும் அக்ரோரீட் பொதியை ஒருவர் தத்தெடுத்துத் தீங்கு நிரலைச் செருகினார். உங்கள் முடிவில் தீய நோக்கம் துளியும் இல்லை என்பதை அறிவேன். ஆனால் பயனரின் கணினிக்கு நோக்கம் தெரியாது; பெயரும் பதிப்பு எண்ணும்தான் தெரியும்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது: 'உரை' என்ற பெயரை எங்கள் பொதிக்கே திருப்பித் தாருங்கள். ஈபாக் எண்ணை இனி இறக்க முடியாது. எங்கள் பதிப்பை 1:1.8 என்று வெளியிட நான் தயார், அந்த அசிங்கத்தை நானே சுமந்துகொள்கிறேன். புதிய மென்பொருளுக்கு 'உரை-உதவி' போல நீண்ட பெயர் ஒன்றைக் கொடுங்கள். இப்போது அதைப் பயன்படுத்துபவர்களுக்கு மேம்படுத்தும்போதே தெரியும்படி ஓர் அறிவிப்பையும் சேருங்கள். அவர்களும் நம் பயனர்கள்தான். திருப்பித் தர இயலாது என்றால், இரு பொதிகளுக்குமே பெயரை மாற்றி, அந்த நான்கு எழுத்துகளை யாருக்கும் தராமல் காலியாக விடுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டில் எதுவானாலும், பயன்பாட்டில் உள்ள பெயர் இனி இப்படிக் கைமாறாது என்பதை விதிப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஆசிரியரின் கணினியில் தானியங்கு மேம்படுத்தலை நிறுத்தி வைத்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்களும் அதனால் நிற்கின்றன. எப்போது மறுபடி இயக்கலாம் என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார். அவருக்குச் சொல்ல ஒரு தேதி தாருங்கள்.

இப்படிக்கு,
'உரை' பொதியின் பராமரிப்பாளராக இருந்தவன்