டாக்டர் பாப்பாவுக்கு

ஏற்காடு
19-6-2021

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் ஒன்று நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், இல்லாவிட்டால் இங்கே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

மனநல டாக்டர்களின் வாழ்க்கைத் தரம் பற்றி யாரோ ஆய்வு செய்கிறார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகளை நடுராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன் என்று போன வாரம் சொன்னாயே, அதைப் பற்றித்தான். தமிழிலும் அந்தப் படிவம் இருக்கிறது என்று நீ அனுப்பிவைத்தாய். சும்மா இருக்க முடியாமல் நானும் நிரப்பிப் பார்த்தேன். கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டுமாம். உடம்பு, மனசு, மனுஷ உறவு, சுற்றுப்புறம் என்று நாலு பக்கமும் கேட்கிறார்கள். தூக்கம் திருப்தியா, கையில் பணம் போதுமா, வாழ்க்கையை எவ்வளவு அனுபவிக்கிறீர்கள், போக்குவரத்து எப்படி. போக்குவரத்துக் கேள்விக்கு மட்டும் ஒன்று போட்டேன், பஸ்ஸே ஓடாதபோது வேறென்ன போடுவது? மற்றபடி சுகரையும் முட்டிவலியையும் கழித்தும் ரிட்டயர்டு எஸ்டேட் ரைட்டர் ஒருவழியாகத் தேறிவிட்டான்.

நீ எவ்வளவு போட்டாய் என்று கேட்டேன். "தூக்கத்துக்கு அஞ்சுக்கு ஒண்ணு, அனுபவிக்கிறதுக்கும் ஒண்ணு. ஆய்வுக்குத்தானேப்பா, விடுங்க" என்று சிரித்தாய். ஆய்வு செய்கிறவர் எல்லோரையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி எடுப்பார். அதற்குள் நீ எங்கே இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியப் போவதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இனி நான் எப்படி விடுவது?

"அவளுக்கென்ன, கோவிட் வார்டிலா நிற்கிறாள், உட்கார்ந்து பேசுகிற வேலைதானே" என்று நம் சொந்தத்திலேயே சொன்னார்கள். நீ சொன்ன துண்டு துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. போன வருஷம் மார்ச்சில் டாஸ்மாக்கை மூடியதும் கை நடுங்கி, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்த்துக் கத்தியவர்களைக் கூட்டிவந்தார்கள். மனநிலை ஏறி இறங்காமல் இருக்க லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு வர வழியில்லாமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். வார்டிலிருந்து நேராக மயானத்துக்குப் போன அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று அழுகிற பிள்ளைகள் வந்தார்கள். அதையும் மாஸ்க்குக்கு மேலே தெரிகிற இரண்டு கண்ணை வைத்துத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். "முகம்தான்பா எங்களுக்கு ஸ்டெதாஸ்கோப்" என்று சொன்னவள் நீ.

இதற்கெல்லாம் மேல், ராத்திரி பதினொரு மணிக்கு அழைக்கிற டாக்டர்கள். "என் பிரெண்டு ஒருத்தருக்கு..." என்று ஆரம்பிப்பார்கள், பாதியில் குரல் உடையும். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத நோயாளிகள் இவர்கள். அவர்களுக்கு நீ இருக்கிறாய், சரி. உனக்கு யார்? நீயும் ஒரு மனநல டாக்டரைப் பார் என்றால், நானே ஒரு மாத்திரை எழுதிப் போட்டுக்கொள்கிறேன் என்கிறாய். கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிற நோயாளியை என்ன திட்டு திட்டுவாய்!

உன் சாக்குகள் எனக்கு மனப்பாடம். லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லாத நாடு, 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பிலேயே சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 15 கோடி, நான் போய் உட்கார்ந்தால் நோயாளியை யார் பார்ப்பது என்பாய். 15 கோடிப் பேரையும் நீ ஒருத்தியா பார்க்கப் போகிறாய்? நான் மாதக்கணக்கில் லீவு கேட்கவில்லை, வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

அடுத்தது, இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது. அது நியாயம்தான். எங்கள் எஸ்டேட் ஆட்களும் சில வியாதியை மலையில் யாரிடமும் காட்டாமல், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். ஆனால் போன வருஷம் மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலை வைத்துத்தானே நீ வீடியோவில் நோயாளி பார்க்கிறாய்? அதே வழியில் நீயும் வேறு மாநிலத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசு. இங்கிலீஷில் பேசிக்கொள், அழுகை வந்தால் தமிழில் அழு. டாக்டருக்கே வைத்தியமா என்று ஊர் பேசுமே என்கிற பயம் வேறு. 2017 மனநலச் சட்டத்தில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்று தைரியம் சொல்கிறவள் நீதான். அந்தச் சட்டம் உனக்கும் சேர்த்துத்தான் போட்டது.

இதையெல்லாம் எழுதுவதால் கோளாறு உன்னிடம் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதே. வேலைச் சுமையில் மனசு களைத்து எரிந்துபோவதை, அதாவது 'பர்ன் அவுட்'டை, தனி நோயாக இல்லாமல் வேலையோடு சேர்ந்த விஷயமாகத்தான் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது என்று நீதான் எனக்கு விளக்கினாய். அப்படியானால் பாதி மருந்து டூட்டி சார்ட் போடுகிறவர் கையில் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் மன அழுத்தம் குறைய ஆன்லைன் யோகா வைத்தார்களாம், அதுவும் நைட் டூட்டி முடிந்த காலையில்! தூங்க விட்டாலே போதும் என்று சொல்ல அங்கே ஒருவருமா இல்லை? நீங்கள் நாலு பேர் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. இத்தனை வருஷம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தொற்று அதிகமுள்ள 11 மாவட்டங்களில் சேலமும் ஒன்று என்பதால் தளர்வு குறைவு. இரும்பாலையில் 500 ஆக்சிஜன் படுக்கை போட்டது உனக்குத் தெரியும். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் இரண்டாவது வருஷமாக இல்லை. ஊருக்கு வருமானம் போனது, ஆனாலும் ஹார்ன் சத்தம் இல்லாதது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, வெளியே சொல்லிவிடாதே. அம்மா உன் பங்குக்குக் காப்பித்தூள் அரைத்து வைத்திருக்கிறாள், சிக்கரி சேர்க்காமல். பார்சல் சர்வீஸ் திறந்ததும் அனுப்புகிறேன்.

நீ பார்க்கப் போகிற டாக்டரின் பெயர்கூட எனக்கு வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போடு. அந்த நேரத்தில் அம்மா உனக்குப் போன் போடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா