மணிக்கு மெகாவாட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மலரில் பிரிட்டனின் குயின் எலிசபெத் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிய கட்டுரை படித்தேன். அதிலுள்ள கேஸ் டர்பைன் ஜெனரேட்டர் ஒவ்வொன்றும் 'மணிக்கு 36 மெகாவாட்' மின்சாரம் தருமாம். மெகாவாட்டும் ஹெச்.பி. போல சக்தியின் அளவுதான், அதோடு 'மணிக்கு' ஒட்டாது. பம்புசெட்டை 'மணிக்கு 5 ஹெச்.பி.' என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் தெரு மெக்கானிக் சிரிப்பார். தங்களுக்குத் தெரியாததல்ல. அச்சேறும் முன் யாரும் பார்ப்பதில்லை போலும்.

சரி, அதை விடுங்கள். 'ஜெனரேட்டரைச் சுருக்கிவிட்டார்கள்' என்கிறார் கட்டுரையாளர். அது என்ன, துவைத்த பருத்திச் சட்டையா? நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல்களில் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 720 சுற்று ஓடும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 அலையாக வர, 10 காந்தத் துருவங்கள் வேண்டும். டர்பைனோடு சேர்ந்து வேகமாக 3,600 சுற்று ஓடினால் இரண்டே போதும். அதே பவருக்கு வேகம் கூடினால் முறுக்குவிசை குறையும், அதோடு இரும்பும் செம்பும் குறையும். இந்த நாலு வரிக்கு இடமில்லை, கேப்டனின் சாப்பாட்டு மேசைக்கு அரைப் பக்கம்!

உடம்பு சிறுத்தாலும் சூடு அந்த அளவுக்குச் சிறுக்காது. அதைக் கடைசியில் கடல்தண்ணீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே பிரிட்டனின் டைப் 45 நாசகாரிக் கப்பல்கள் வெதுவெதுப்பான கடலில் மின்சாரம் இழந்து நின்றன. டர்பைனுக்குள் அழுத்தப்படும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கப்பலை ஓட்டும் மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரே கரண்ட் அல்லவா? இப்போது இரண்டு டீசல் ஜெனரேட்டரைக் கழற்றி, அதிக சக்தியுள்ள மூன்றை வைக்கிறார்கள். கட்டுரையில் இதைப் பற்றி மூச்சில்லை.

இருட்டு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 1996 ஆகஸ்ட், பாரசீக வளைகுடா. குளிர்விக்க வரும் கடல்தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைச் சொறிமீன் கூட்டம் அடைத்துக்கொள்ள, ஜெனரேட்டர்கள் சூடேறி அடுத்தடுத்து டிரிப் ஆகி நின்றன. 45 விநாடிக்குள் எமர்ஜென்சி ஜெனரேட்டர் வர வேண்டும் என்பது சட்டம். அன்று வரவில்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியின் தளர்ந்திருந்த முனையை ஸ்பேனரால் முறுக்கினேன். மேலேயிருந்து "பத்தி சாப்! பத்தி சாப்!" என்று ஒரே கூச்சல். கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசர்களான எங்களுக்கு அதுதான் பெயர், விளக்குக்காரர்.

கரையில் அந்தப் பெயரும் இல்லை. உங்கள் பத்திரிகைக்குக் கப்பலில் இருப்பவரெல்லாம் 'மாலுமி'. என் மகளின் பள்ளிப் படிவத்திலும் அப்படித்தான் எழுதி வைத்தார்கள். இதைப் பற்றி ஏற்கெனவே மூன்று கடிதம் போட்டேன், ஒன்றும் வரவில்லை. கப்பல் மூழ்கினாலோ எண்ணெய் கொட்டினாலோ மட்டும் எங்கள் ஞாபகம் வரும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'மணிக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரு திருத்தம் போடுங்கள். சினிமாப் பக்கத்தின் மூலையில் என்றாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் எலக்ட்ரிகல் ஆபீசர் (மாலுமி அல்ல),
தூத்துக்குடி.