மேனிங்கின் தலையணைக்கு அடியில் இருந்த புத்தகம்

பாளையங்கோட்டை,
எங்கள் லெந்து, உங்கள் தவக்காலம், மூன்றாம் வாரம்.

அன்புள்ள நண்பா,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உன் முழங்கால் வலியையும் பேத்தியின் மதிப்பெண்களையும் முதலிலேயே விசாரித்துவிடுகிறேன். நான் நலம், சர்க்கரை மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. எழுதாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, வெட்கம். என் இளையவன், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின இரவு, எங்கள் புராட்டஸ்டன்ட் சபையை விட்டு உங்கள் கத்தோலிக்கச் சபையில் சேரப் போகிறான். இந்தச் செய்தி சைக்கிள் கடை அண்ணாச்சியின் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருடம் உன் ஜெபமாலையைக் கேலி செய்த வாய் என்னுடையது. நீ சிரித்துத் தீர்த்துக்கொண்டு பிறகு மேலே படி.

அவனிடம் நான் கத்தவில்லை. அவனை மடக்க ஓர் உதாரண புருஷன் வேண்டும் என்று, ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறிய இங்கிலாந்துக் கர்தினால் மேனிங்கைத் தேடிப் பிடித்தேன். 'பதவிக்காகக் கரை தாண்டியவர்' என்று எங்கள் பழைய ஐயர் பிரசங்கத்தில் சொன்னது நினைவில் இருந்தது. ஆகவே மூன்று மாதமாக அந்த மனிதரோடுதான் குடித்தனம்.

ஹென்றி எட்வர்ட் மேனிங் 1808இல் பிறந்தவர். தகப்பனார் இங்கிலாந்து வங்கியின் கவர்னராகவே இருந்துவிட்டு, 1831இல் திவாலானவர். அரசியலுக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளை, ஆக்ஸ்போர்டில் படித்து முடித்து, ஆங்கிலிக்கன் குருவாகி, சசெக்ஸில் லாவிங்டன் என்ற கிராமத்துக்குப் போய், அங்கிருந்த போதகரின் மகள் கேரோலைனை 1833இல் மணந்தார். நான்கு வருடம்கூட நிறையவில்லை. காசநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. குழந்தையும் இல்லை. 1840இல் சிச்செஸ்டரின் ஆர்ச்டீக்கன், அதாவது பிஷப்புக்குத் துணையான நிர்வாகக் குரு, ஆனார். அடுத்தது பிஷப் நாற்காலிதான் என்று ஊரே எதிர்பார்த்தது. பதவி ஆசைக்காரர் என்றால் அங்கேயே அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்? என் வாதம் முதலில் இடறியது இங்கேதான்.

அவரைப் பெயர்த்தெடுத்தது ஒரு வழக்கு. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானத்திலேயே மறுபிறப்பு, அதாவது ஆவிக்குரிய புதுவாழ்வு, உண்டா என்பதில் கோரம் என்ற குருவுக்கும் எக்ஸிட்டர் பிஷப்புக்கும் தகராறு முற்றி, அது மேல்முறையீட்டு மன்றமான அரசியின் பிரிவி கவுன்சில் வரை போய், 1850இல் அந்தக் கவுன்சில் கோரமின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு எப்படியோ போகட்டும், விசுவாசத்தின் உட்பொருளைச் சட்ட வல்லுநர்கள் உட்கார்ந்து முடிவு செய்வதா என்பதுதான் மேனிங்கை அரித்தது. அந்த நாட்களில் பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலையை ஒட்டிய சிறு ஆலயம் ஒன்றில், தம் ஆக்ஸ்போர்டு நண்பர் கிளாட்ஸ்டனுக்குப் பக்கத்தில் அவர் முழந்தாளிட்டிருந்தாராம். நற்கருணை ஆராதனை தொடங்கும் நேரத்தில் எழுந்து, நண்பரின் தோளில் கை வைத்து, 'வா' என்று அழைத்தார். கிளாட்ஸ்டன் எழவில்லை. மேனிங்கே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது இது. பிறகு பல ஆண்டுகள் இருவருக்கும் தொடர்பு அற்றுப்போனது. பின்னர் ஒருவர் பிரதமராகவும் மற்றவர் பேராயராகவும் உயர்ந்தார்கள். 1874இல் கிளாட்ஸ்டன் வத்திக்கானைத் தாக்கி எழுத, மேனிங் பதில் எழுத, அச்சிலும் சண்டை போட்டார்கள். நம் கல்லூரி விடுதிச் சண்டைகளை நினைத்துக்கொண்டேன். நாம் பரவாயில்லை.

1851 ஏப்ரல் 6 அன்று கத்தோலிக்கரானார். ஜூன் 14 அன்று குருப்பட்டம். பத்தே வாரம்! உங்கள் ஆட்கள் பாஸ்போர்ட் அலுவலகம் நடத்தினால் நாடு உருப்படும் என்று நான் சொன்னபோது இளையவனே சிரித்துவிட்டான். ஆனால் எங்கள் ஆங்கிலிக்கன் பக்கத்தில் அவர் செய்த 18 வருட ஊழியம் குருத்துவக் கணக்கிலேயே வரவில்லை, புதிதாகத்தான் பட்டம் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. 1865இல் வெஸ்ட்மின்ஸ்டரின் கத்தோலிக்கப் பேராயர் வைஸ்மன் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் குருக்கள் அனுப்பிய பெயர்களில் மேனிங் இல்லை. போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் அந்தப் பட்டியலைத் தள்ளிவிட்டு அவரையே நியமித்தார். எங்கள் ஊரில் ஆயர் என்றால் சபைக் குரு, பேராயர் என்றால் பிஷப். உங்களுக்கோ ஆயரே பிஷப், பேராயர் ஆர்ச்பிஷப். இந்தக் குழப்பத்தில் நான் இளையவனுக்கு அவர் பதவியை ஒரு படி இறக்கிச் சொல்லிவிட்டேன், அவன் திருத்தினான்.

எனக்கு அவரிடம் பிடிக்காதது நிறைய. முதலாம் வத்திக்கான் சங்கத்தில் போப்பாண்டவரின் தவறா வரத்துக்காக (விசுவாசக் காரியங்களில் அவர் அறுதியாகச் சொல்வது தவறாது என்ற கோட்பாடு) ஆள் திரட்டிய விதம், தமக்கு முன்பே ஆங்கிலிக்கன் கரையைத் தாண்டிக் கத்தோலிக்கரான இறையியலாளர் நியூமன் ஆக்ஸ்போர்டில் கால் வைக்கவிடாமல் தடுத்த விதம்: அதிகாரம் கைக்கு வந்ததும் மனிதருக்கு இறுக்கம் வந்துவிடுகிறது. பேராலயம் கட்ட நிலம் வாங்கியும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி முதலில் என்று செங்கல் வைக்காமலே விட்டதற்காக அதில் பாதியை மன்னிக்கிறேன். 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, 81 வயதில் பாப்ளர் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர்கள் தலைவர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிச் சமரசம் செய்துவைத்தாரே, அதற்காக மீதியில் பெரும்பங்கை மன்னிக்கிறேன். நியூமன் கணக்கு மட்டும் நிற்கிறது.

இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றால் பொய். மனைவியின் கல்லறை சிதைந்து கிடக்கிறது என்று யாரோ தெரிவித்தபோது, 'அப்படியே இருக்கட்டும், காலம் எல்லாவற்றையும் அழித்துவிடும்' என்று மேனிங் பதில் சொன்னாராம். படித்ததும் கல்நெஞ்சன் என்று கோடு போட்டு வைத்தேன். 1892 ஜனவரியில் மரணப் படுக்கையில், தமக்குப் பின் பேராயராக வந்த ஹெர்பர்ட் வான் என்பவரை அருகில் அழைத்து, தலையணைக்கு அடியிலிருந்து நைந்த சிறு புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கேரோலைன் தன் கையால் ஜெபங்கள் எழுதிவைத்தது. அவள் இறந்த நாள் முதல் அதிலிருந்து ஜெபிக்காத நாள் இல்லை, தம்மால் ஆன நன்மைக்கெல்லாம் அவளே காரணம் என்று சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 54 வருடம். ஓர் ஆங்கிலிக்கன் பெண்ணின் ஜெபம், ஒரு கர்தினாலின் தலையணைக்கு அடியில்.

டிசம்பரில் இளையவன் உன் மதினியின் பாமாலைப் புத்தகத்தைக் கேட்டான். 'அங்கே அதற்கு என்ன வேலை?' என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை. நேற்று அதை எடுத்து, முதுகு பிரிந்த இடத்தில் பசை தடவி, மேலே அகராதியைப் பாரமாக வைத்திருக்கிறேன். நடுவில் அவள் பால்கணக்கு எழுதிய சீட்டு ஒன்று இருந்தது, அதை எடுக்கவில்லை.

இளையவன் சேரும் அந்த இரவு நானும் வருகிறேன். உனக்குப் பக்கத்தில், கடைசிப் பெஞ்சில், ஓர் இடம் போட்டு வை. நீங்கள் எப்போது எழுந்திருப்பீர்கள், எப்போது முழந்தாளிடுவீர்கள் என்பது எனக்குப் பிடிபடாது, முழங்கையால் இடித்துச் சொல். மெழுகுவர்த்தி நானே வாங்கி வர வேண்டுமா, அங்கேயே தருவார்களா என்பதையும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்