முறைப்பாட்டுப் பதிவைத் திறந்து வையுங்கள்

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பக்கத்து வளவு அக்கா போன கிழமையும் அந்தக் கடிதத்தோடு வந்தார். பொலித்தீன் பையில் சுற்றி, அரிசி வாளிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். மடித்து மடித்தே முறைப்பாட்டு இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் அழிந்துவிட்டன. பொலிஸ் நிலையத்தில் அடி வாங்கிய நாளிலிருந்து அவருடைய மகனுக்கு இடது காது கேட்பதில்லை. "தம்பி, முடிவு ஏதும் எழுதிக் கிடக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். முறைப்பாடு கிடைத்தது என்ற ஒரே வரிதான், அதுவும் சிங்களத்தில். அடித்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். எங்கே என்று சொல்ல ஆளில்லை. போன ஊர்ச் சனத்துக்கும் அவர் மேல் முறைப்பாடு இருப்பது தெரியாது.

இதைத்தான் கேட்கிறோம்: பொலிசார் மீதான முறைப்பாடுகளின் பதிவை மக்கள் பார்க்கும்படி வையுங்கள். முறைப்பாட்டாளரின் பெயர் வேண்டாம். எந்த நிலையம், என்ன குற்றச்சாட்டு, விசாரணை எந்தக் கட்டத்தில், என்ன தண்டனை, அவ்வளவு போதும். 2022 இல் வந்த அரசியலமைப்பின் 21 ஆவது திருத்தத்தோடு பொலிசாரின் இடமாற்றமும் ஒழுக்காற்று அதிகாரமும் உங்கள் கைக்குத் திரும்பிவிட்டன. ஆகவே உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வழக்குகளும் இப்படித்தான். அடிப்படை உரிமை மனுவென்றால் ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கூலி வேலை செய்யும் அக்காவுக்கு அது நடக்கிற காரியமா? போனவர்கள் வென்றாலும் தீர்ப்பு ஆங்கிலத்தில் கிடக்கிறது. அரசு கட்டும் நட்டஈடு எங்கள் வரிப்பணம். சித்திரவதைக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை என்கிறது 1994 இன் 22 ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் மட்டக்களப்பில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள்? அந்தக் கணக்கை ஊர்ச் சனம் எங்கே போய்ப் பார்ப்பது?

தமிழ் ஆட்சிமொழியாகி இத்தனை வருடமாகியும், பொலிஸ் நிலையத்தில் நாங்கள் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்தும் காட்டாமல் கையெழுத்து வாங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? சரி, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொருவராக விண்ணப்பிக்கலாம்தான். அக்காவால் அது முடியாது. தயவுசெய்து பதிவை நீங்களே, தமிழிலும், திறந்து வையுங்கள். வருகிற கிழமையும் அவர் அந்தப் பையோடு வருவார். வாசித்துச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வரி தாருங்கள்.

இங்ஙனம்,
படுவான்கரைவாசி ஒருவன்,
மட்டக்களப்பு.