சிவப்புக்கு ஒரே பொருள்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் நிறங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். சிவப்பு என்றால் கோபம், வீரம். வெள்ளை என்றால் தூய்மை. நீலம் என்றால் அமைதி. கறுப்பு என்றால் துக்கம் என்று கட்டுரையாளர் மளிகைக் கடைச் சீட்டைப் போல வரிசையாக எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் 32 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்பதால், பிள்ளைகள் இதை வெட்டி எடுத்துக் கட்டுரை நோட்டில் ஒட்டிக்கொள்வார்களே என்ற கவலை எனக்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது மலேசியாவில், பினாங்கின் ஆயர் ஈத்தாமில். மலாய்மொழியில் 'கறுப்புத் தண்ணீர்' என்று பொருள்படும் ஊர். அந்தப் பெயரைக் கேட்டு இங்கு யாரும் துக்கப்பட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இறந்துபோனபோது, இருப்பதில் நல்ல சேலையாக இருக்கட்டும் என்று அரக்குச் சிவப்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பாட்டியின் மகள் ஒரு சொல்லும் சொல்லாமல் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், வெள்ளைத் துண்டு ஒன்றைத் தோளோடு போர்த்திவிட்டார். விடைபெறும்போது அதே கை ஒரு சிவப்பு நூலை என் விரலில் சுற்றி, வீடு போய்ச் சேருமுன் கழற்றிப் போட்டுவிடும்படி சொன்னது. வரும்போது ஆகாத சிவப்பு, போகும்போது காவலாகிவிட்டது. அடுத்து வந்த சீனப் பெருநாளில் அதே வீட்டில் அன்பளிப்புப் பணம் வைத்துத் தந்த அங்பாவ் உறையும் சிவப்புதான். ஒரே வாசலில் ஒரு நிறம் மூன்று வேலை செய்வதை நான் அன்றுதான் கண்டேன்.

கட்டுரையாளர் தொல்காப்பியத்தையும் துணைக்கு அழைத்திருக்கிறார். உரியியலில் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள', அதாவது இரண்டு சொற்களும் கோபத்தைக் குறிக்கும், என்று இருப்பது உண்மை. ஆனால் அந்த நூற்பாவோடு அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அடுத்த நூற்பாவே அவ்விரு சொற்களும் நிறத்தை உணர்த்தவும் உரியவை என்கிறது. மேலும், நாம் வேறு வேறாகக் காணும் இரண்டு நிறங்களுக்கும் ஒரே வெகுளிதான் என்றால், அதைச் சிவப்புக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்துவிட முடியாதல்லவா?

குறுந்தொகையின் முதற்பாட்டை எடுத்துக்கொள்வோம். திப்புத்தோளார் பாடிய அது நான்கே அடிகள்தாம். போர்க்களம் செங்களம், அம்பு செங்கோல் அம்பு, யானையின் கொம்பும் சிவந்த கொம்பு, அதற்குரிய முருகனோ சேஎய், சிவந்தவன். இப்படிக் குருதியில் தோய்த்து எடுத்த சிவப்பு கடைசி அடியில் வந்து நிற்பது காந்தள் பூவில். தலைவன் அன்போடு கொண்டுவந்த பூவை, 'இது எங்கள் மலையிலேயே குலை குலையாகப் பூத்துக் கிடக்கிறது' என்று தோழி மறுக்கிறாள். கொலையிலிருந்து காதலுக்கு ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டே கவிஞர் நடந்து வந்துவிடுகிறார். இந்தப் பாட்டில் சிவப்பு வீரமா, கோபமா, காதலா என்று தேர்வுத்தாளில் கேட்டால் எந்த விடைக்கு மதிப்பெண் போடுவது?

இதைவிட எனக்கு நெருக்கமானது சங்கப் பாடல்களில் வரும் மாமை என்னும் மேனி நிறமும், பிரிவில் அதன்மேல் படரும் பசலை என்னும் வெளிறலும். கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் கறக்கப்படாமல் நல்ல பசுவின் இனிய பால் தரையில் சிந்திப்போவதைப் போல, தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் தன் மாமை அழகைப் பசலை தின்னப் பார்க்கிறதே என்று வெள்ளிவீதியாரின் தலைவி புலம்புகிறாள். பரணரோ, ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணியில் படரும் பாசியைக் காட்டுகிறார். தொட்ட இடமெல்லாம் விலகி, விட்ட இடமெல்லாம் பரவும் பாசியைப் போன்றது பசலை. மாமையை மாந்தளிரின் நிறம் என்று கொள்வாரும் உண்டு, கருமை என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் அது வெளுப்பு அன்று. மேனி வெளிறிப்போவது அப்பாடல்களில் பிரிவினால் வரும் துன்பம், கிட்டத்தட்ட ஒரு நோய்.

அந்த மொழியைப் பேசும் நாம் இன்று எங்கே நிற்கிறோம் என்பதை ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் பார்த்தேன். என் பழைய மாணவி ஒருத்திக்கு நிச்சயதார்த்தச் சேலை எடுக்கக் கூடப் போயிருந்தேன். மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையை அவள் தோளில் போட்டதும், சொந்த அத்தையே, "உன் கலருக்கு இது எடுக்காதும்மா, வெளிர் கலரா பாரு" என்றார். அவள் பேசாமல் சேலையை மடித்து வைத்துவிட்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் விரித்தேன். உள்ளே குழல்விளக்கில் பச்சை தூக்கலாகத் தெரிந்த அதே பட்டு, வெயிலில் நீலமாக எழுந்து வந்தது.

சேலை எடுக்கும் பெண்கள் வழக்கமாகச் செய்யும் இந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பது நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் சொன்ன செய்திதான்: கதிர்களுக்குத் தம்மளவில் நிறம் கிடையாது, நம்மிடம் நிற உணர்வை எழுப்பும் ஆற்றல் மட்டுமே உண்டு. விழுகின்ற ஒளி, அதில் ஒரு பகுதியை விழுங்கி மீதியைத் திருப்பும் பொருள், திரும்பியதை வாங்கும் விழித்திரையின் மூவகைக் கூம்பு உயிரணுக்கள், அவை அனுப்பும் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மூளை ஆகிய நான்கும் கூடினால்தான் 'பச்சை' என்ற ஒன்று பிறக்கிறது. ஒன்று மாறினாலும் நிறம் மாறிவிடுகிறது. தோலின் நிறமோ இன்னும் எளிய கணக்கு. மெலனின் என்னும் நிறமி எவ்வளவு, எவ்வகை, எப்படிப் பரவியிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது.

இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்ல நான் சங்குப்பூவைத்தான் நம்பியிருந்தேன். பள்ளி வேலியில் படர்ந்திருக்கும். மலாய் வழக்கங்கள் கலந்த சீனர்களான நியோன்யா வீடுகளில் புலுட் தைதை என்னும் பசையரிசிப் பலகாரத்துக்கு நீலம் ஏற்றும் பூ அது; குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 'மணிப்பூங் கருவிளை' என்று சொன்னதும் அதையே, அதற்கு முந்திய சொல்லான செருவிளை அதன் வெள்ளை வகை. பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். ஒரு குவளையில் லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழிந்தால் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். இன்னொன்றில் சோடா மாவைத் தூவினால் பச்சை கலந்து வரும். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி, எலுமிச்சையின் புளிப்புக்கு ஒரு முகமும் சோடா மாவின் காரத்தன்மைக்கு ஒரு முகமும் காட்டுகிறது. ஒருமுறை ஒரு பையன் மூன்று குவளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதோட உண்மையான கலர் எது?" என்று கேட்டான். "குவளைக்குள்ளே வேற என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றேன். கட்டுரையாளரிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

குவளைக்குள் சில சமயம் அரசாங்கமும் இருக்கும். இந்நாட்டில் குடிமக்கள் கையில் நீல அடையாள அட்டை (ஐசி), நிரந்தரவாசிகள் கையில் சிவப்பு அட்டை. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் ஒழுங்காக இல்லாத ஒரே காரணத்தால், தலை நரைத்த பிறகும் சிவப்பு ஐசியை வைத்துக்கொண்டு வாக்களிக்க முடியாமல் இருக்கும் நம்மவரிடம் போய்ச் சிவப்பு வீரத்தின் நிறம் என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரை வந்த அதே மலரில், சில பக்கங்கள் தள்ளி, மணமக்கள் தேவைப் பகுதியில் 'சிவந்த நிறம்' என்ற தகுதி பல விளம்பரங்களில் இருக்கிறது. வெளுத்த தோலைச் சிவப்பு என்று அழைக்கும் இந்த வேடிக்கைக்குக் கட்டுரையாளரின் பட்டியலில் இடமே இல்லை. விளம்பரப் படிவத்தில் நிறத்துக்கென்று ஒரு வரி இருப்பதால்தான் எல்லாரும் அதை நிரப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால், என்றைக்காவது ஒரு பெண் அதில் 'மாமை' என்று எழுதி அனுப்பும்போது, அச்சுப்பிழை என்று கருதித் திருத்திவிடாமல் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.