பதினேழாம் பக்கத்து ஷரத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃப்ரீலான்ஸ் வேலை செய்வோருக்குப் பணம் இழுத்தடிக்கப்படுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எதையும் எழுத்துமூலம் ஒப்பந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதோடு முடிந்திருந்தது. அப்படி வாங்கிய ஒப்பந்தமே கையைக் கட்டிப்போடுவதும் உண்டு என்பதை, மொழிபெயர்ப்பை முழுநேரத் தொழிலாகச் செய்துவரும் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத்தில் சம்பளமும் கெடுவும் முதல் பக்கத்திலேயே இருந்தன. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆர்பிட்ரேஷன் ஷரத்து பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நடுவரை நிறுவனமே நியமிக்கும், விசாரணை அதன் தலைமையகம் உள்ள நகரில் நடக்கும், தோற்றவர் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். எனக்கு வரவேண்டிய மொத்தத் தொகை அந்த நகருக்கு ஒருமுறை போய்வரக்கூடப் போதாது.

ஷரத்தையே அடித்துவிடச் சொல்ல முதலில் கை துறுதுறுத்தது. அப்படிச் செய்யாதது நல்லதாயிற்று. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பதால், ஒரு நாட்டில் பெற்ற நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றிக்கொள்வது, நீதிமன்றத் தீர்ப்பை அங்கே கொண்டுபோய் நிறைவேற்றுவதைவிடப் பெரும்பாலும் எளிது. பாக்கி வைத்தவர் வேறு நாட்டில் இருக்கும்போது இது நமக்கே சாதகம். ஆனால் நடுவர் சட்டத்தையோ கணக்கையோ தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்காக மட்டும் மேல்முறையீடு செய்யப் பெரும்பாலான நாடுகளில் வழியில்லை. ஆகவே நடுவர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான் பேரம் பேச வேண்டும்.

நான் கேட்டவை மூன்றே மாற்றங்கள்: இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரே நடுவர், காணொளி வழி விசாரணை, நடுவர் கட்டணத்தில் பாதிப் பாதி. முதல் இரண்டுக்கும் மறுநாளே இரண்டு வரி மின்னஞ்சலில் சம்மதம் வந்தது. மூன்றாவதுக்கு ஒரு வாரம் இழுத்தார்கள், பிறகு இறங்கிவந்தார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்கிற நம் பயத்தில் பாதிக்குமேல் வீண் என்பது என் கருத்து. அந்தப் பதினேழாம் பக்கத்தை அவர்களுமே அதுவரை படித்திருக்கவில்லை என்றுதான் தோன்றியது.

நடுவர் எண்ணிக்கையைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஐ.நா.வின் வர்த்தகச் சட்ட ஆணையம் 1985-இல் தந்த மாதிரிச் சட்டத்தின்படி, எண்ணிக்கை எழுதப்படாவிட்டால் நடுவர்கள் மூவர். சிறு தொகைக்கு மூவரின் கட்டணம் கட்டுப்படியாகாது. அதே ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விரைவு விதிகளில் ஒரே நடுவர், ஆறு மாதத்தில் தீர்ப்பு என்பது பொது முறை. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அவை பொருந்தும். விசாரணை காணொளியில் நடந்தாலும், சட்டப்படியான அமர்விடம், அதாவது விசாரணை நடப்பதாகச் சட்டம் கருதும் இடம், எந்த ஊர் என்று எழுதியிருக்கிறதோ அந்நாட்டு நீதிமன்றமே தீர்ப்பை ரத்து செய்யும் மனுவை விசாரிக்கும் என்பதால், அந்த ஒரு சொல்லையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பாக்கிக்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒரு விலக்கு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

இத்தகைய ஷரத்தின் மாதிரி வாசகம் ஒன்றை, வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எளிய தமிழில் எழுதச் செய்து, தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்