‘வீட்டில் செய்தது’ என்பது குற்றமல்ல: அறிவியல் கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சி அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். “வீட்டில் தயாரித்த ஏவுகருவிகளுக்கு அனுமதி இல்லை” என்று உங்கள் விதிமுறைகளில் ஒரு வரி போட்டுவிடுகிறீர்கள். ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும் வைத்துச் செய்த கவண்பொறி அந்த வரியில் மாட்டிக்கொள்கிறது. 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காற்றடைத்த பிவிசி குழாயோ, “காற்றழுத்தச் செயல்விளக்கம்” என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகிறது. சட்டம் பார்ப்பது வேறு, உங்கள் படிவம் கேட்பது வேறு என்பதுதான் சிக்கல்.

யார் செய்தார்கள் என்பதைவிட, எது உந்துகிறது, எவ்வளவு ஆற்றலோடு வெளியேறுகிறது, எதற்காகச் செய்யப்பட்டது என்பவற்றைத்தான் பல நாட்டுச் சட்டங்கள் முதலில் கேட்கின்றன. பிரிட்டனில் குழல் உள்ள ஆயுதத்திலிருந்து 1 ஜூலுக்கு (ஜூல் என்பது ஆற்றலின் அலகு) மேல் ஆற்றலுடன் எறிபொருள் வெளியேறினால், அது உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய ஆயுதம் என்ற வரையறைக்குள் வரும். 2017 சட்டத் திருத்தம் இந்த எல்லையை வகுத்தது. கனடா இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்க்கிறது: நொடிக்கு 152.4 மீட்டர் வேகம், 5.7 ஜூல் ஆற்றல். இரண்டையும் தாண்டினால்தான் உரிமம் பற்றிய பேச்சே எழும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கி என்பது வெடிப்பால் இயங்குவது. ஆகவே அழுத்தக் காற்றில் இயங்குவது அந்த வரையறைக்குள் வராது, ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமோ வெடிபொருளோடு “வேறு வகை ஆற்றல்” என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. காற்றுதானே என்று அங்கே தப்பிக்க முடியாது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்ததா என்பதுதான் அங்கே கேள்வி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உண்டிவில் தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் குழந்தை விளையாடுவதற்காக வீட்டில் செய்த உண்டிவில்லுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. ‘வீட்டில் செய்தது’ என்பதே அங்கே சலுகைக்குக் காரணம்!

ஜூல் கணக்கு கடினமல்ல. எறிபொருளின் எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்கினால் போதும். 2.7 கிராம் மேசைப்பந்து 1 ஜூல் அளவைத் தொட நொடிக்கு 27 மீட்டர் வேகம் வேண்டும். 58 கிராம் டென்னிஸ் பந்துக்கு 6 மீட்டரே போதும். கையால் மெல்ல வீசினாலே அதைத் தாண்டிவிடும். வேகத்தை மட்டும் கேட்கும் படிவம் பயனற்றது என்பது இதிலிருந்தே தெரியும். எந்தெந்தப் பொருளை ஏவப்போகிறார்களோ, அதில் மிகக் கனமானதைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே கருவியில் கனம் கூடினால் வேகம் குறையும், ஆற்றல் பெரும்பாலும் கூடும்.

வேகத்தை அளக்க, நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியின் ஸ்லோ மோஷன் போதும். 20 மீட்டர் வேகத்தில் போகும் பந்து படத்துக்குப் படம் 8.3 சென்டிமீட்டர் நகரும். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அளவுகோலைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். கேமராவிலிருந்து பந்தின் பாதை 3 மீட்டர், சுவர் 4 மீட்டர் என்றால், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். ஆற்றலில் அது ஏறக்குறைய 78 சதவீதப் பிழை. பந்து போகும் அதே கோட்டில் அளவுகோலை நிறுத்தி, கேமராவைப் பாதைக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும்.

வெளியேறும் ஆற்றலைவிட எங்களுக்குக் கவலை தருவது உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல். 5 லிட்டர் கலத்தில் 5 பார் காற்று இருந்தால், அது விரியும்போது அதிகபட்சம் 2,900 ஜூல் வரை வெளிவரலாம். அதே கலத்தில் காற்றுக் குமிழே இல்லாமல் தண்ணீர் நிரப்பி அதே அழுத்தம் கொடுத்தால், தண்ணீரில் சேரும் ஆற்றல் அரை ஜூல்கூட இல்லை. அழுத்தச் சோதனையைத் தண்ணீரில் செய்வதன் காரணம் இதுதான். குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது, காற்றுக்கானதல்ல. பிவிசி கிழிந்து காற்றை விடுவதில்லை, கூரிய சில்லுகளாகச் சிதறும். உடலுக்குள் போன சில்லு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. வெயிலில் கிடந்த குழாய் நொறுங்கும் தன்மை அடைகிறது, சூட்டில் அதன் வலிமையும் குறைகிறது. தண்ணீர்ச் சோதனையில் தேறியது என்று காட்டினாலும் காற்றழுத்தக் கலமாகப் பிவிசியை ஏற்காதீர்கள். இதில் பேரத்துக்கே இடமில்லை.

சோடா பாட்டிலில் தண்ணீரும் அழுத்தக் காற்றும் அடைத்து ஏவும் தண்ணீர் ராக்கெட் வேறு கதை. சோடா பாட்டில் அழுத்தம் தாங்கவே செய்யப்பட்டது. ஆனால் துடுப்பு ஒட்டுவதற்காகப் பாட்டிலை மணல்தாளால் தேய்த்திருந்தாலோ, சூடான பசை வைத்திருந்தாலோ, அந்த இடம் பலவீனமாகிவிடும். கீறலோ வெளிறிய மடிப்போ உள்ள பாட்டிலை ஒதுக்குங்கள். ஏவுவது நீண்ட கயிற்றால் நடக்கட்டும். பம்பில் அழுத்தமானி இல்லையென்றால் அனுமதி வேண்டாம்.

எரிவாயு, ஸ்பிரே, கார்பைடு என எதை எரித்து உந்தினாலும் நேரடியாக மறுத்துவிடுங்கள். கார்பைடில் தண்ணீர் பட்டால் வரும் அசிட்டிலீன் வாயு காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே பற்றும், 80 சதவீதத்திலும் பற்றும். கலவை பிசகினால் பற்றாது என்ற நம்பிக்கை அதனிடம் செல்லாது. தீப்பொறி கொடுத்தும் வெடிக்கவில்லையே என்று சிறுவன் குழலுக்குள் எட்டிப் பார்க்கும் நேரத்தில் அது வெடிக்கிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில் இப்படி வாயுவை எரித்து உருளைக்கிழங்கை ஏவும் ‘உருளைக்கிழங்குப் பீரங்கி’ சட்டப்படியும் துப்பாக்கிதான்.

ஆகவே அந்த ஒற்றை வரியை நீக்கிவிட்டு, உந்துவிசை, குழல் உண்டா இல்லையா, மிகக் கனமான எறிபொருளின் எடை, அளந்த வேகம், கலத்தின் கொள்ளளவும் அழுத்தமும், கலம் எதனால் ஆனது என்பவற்றைப் படிவத்தில் கேளுங்கள். 1 ஜூலுக்கு மேல் வரும் குழல் கருவி எதையும், எந்த நாடானாலும், உரிமம் வழங்கும் அதிகாரியிடம் இந்த எண்களோடு எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே மேசையில் வைக்க விடுங்கள். “இது பொம்மைதான்” என்று கடிதத்தில் எழுதாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

இப்படிக்கு,
ஏவுகருவிகளைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர்களும் கைவினைப் பயிற்றுநர்களும்